ஒரே நாளில் எண்டோஸ்கோபியும் கொலோனோஸ்கோபியும்: முன்தயாரிப்பு குறித்து அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்

நீலவேணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 52. சில மாதங்களாகவே மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதும், உட்கார்ந்து எழுந்தால் தலை சுற்றுவதுமாக இருந்ததால் ரத்தப் பரிசோதனை செய்து பார்த்ததில், இரும்புச்சத்துக் குறைவால் வந்த ரத்த சோகை என்று தெரியவந்தது. மாதவிடாய் நின்று இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்ட நிலையில் இவ்வளவு குறைவதற்குக் காரணம் இருந்தாக வேண்டும், இரைப்பையிலோ குடலிலோ எங்கேனும் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசிகிறதா என்று பார்த்தே தீர வேண்டும் என்று கூறிய மருத்துவர், வாய்வழி எண்டோஸ்கோபியையும் ஆசனவாய் வழியாகச் செய்யும் கொலோனோஸ்கோபியையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறார். அடுத்த வியாழக்கிழமை காலை 10 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

பரிசோதனை அவசியம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கையில் கொடுத்த தாளில், முந்தைய நாள் மாலை ஒரு பங்கும் அன்று அதிகாலை ஒரு பங்குமாக மொத்தம் 2 லிட்டர் பேதி மருந்துக் கரைசலைக் குடிக்க வேண்டும் என்பதற்கு மேல் அதிகம் இல்லை. அவ்வளவையும் எப்படிக் குடிப்பது, அதற்கு முந்தைய நாட்களில் எதைச் சாப்பிடலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்று தெரியவில்லை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும், ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரையும், இப்போது புதிதாக இரும்புச்சத்து மாத்திரையும் எடுத்து வருகிறேன். இவற்றில் எதை நிறுத்துவது?

இவை தவிர, வெளியில் சொல்லத் தயங்கும் இரண்டு கவலைகளும் உண்டு. பல் துலக்கும்போதே குமட்டும் எனக்குத் தொண்டை வழியாக ஒரு குழாயை விடுவதை நினைத்தாலே கை நடுங்குகிறது. மற்றொன்று கூச்சம். இந்த வயதில் இதற்கெல்லாம் கூச்சப்படலாமா என்று கேட்பீர்கள், ஆனாலும் இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சற்று விரிவாகச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

கரைவழி எழுதியது:

வணக்கம் சகோதரி. பெருங்குடல் அழற்சி நோய் இருப்பதால் குறிப்பிட்ட இடைவெளிகளில் கொலோனோஸ்கோபி செய்துகொண்டே ஆக வேண்டிய நிலையில் இருப்பவன் நான். என் அனுபவத்தில் பரிசோதனை அறையில் படும் பாடு சிறிது, முந்தைய நாள் வீட்டில் படும் பாடுதான் பெரிது. அதைச் சரியாகத் திட்டமிட்டுவிட்டால் மற்றவை தாமாக நடக்கும்.

உணவிலிருந்து தொடங்குகிறேன். பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாட்கள் முன்பிருந்தே நார்ச்சத்தைக் குறைத்துவிடுங்கள். கீரை, பச்சைக் காய்கறி, பருப்பு, தோலும் விதையும் உள்ள பழங்கள், எள், கொட்டை வகைகள், முழுதானியங்கள் எல்லாம் மற்ற நாட்களில் நல்லவைதான், ஆனால் இந்த நாட்களில் அவை குடலில் தங்கிக் கேமராவின் பார்வையை மறைக்கும். சிறு விதைகள் கருவியின் உறிஞ்சு துவாரத்தில் சிக்கி அடைத்துக்கொள்வதும் உண்டு. வெள்ளைச் சோறு, வெள்ளை ரொட்டி, முட்டை, தோல் நீக்கி நன்றாக வேகவைத்த உருளைக்கிழங்கு போன்றவற்றோடு சமாளிக்கலாம். முந்தைய நாள் தெளிந்த திரவங்கள் மட்டும் என்று பெரும்பாலான இடங்களில் சொல்வார்கள். சில இடங்களில் காலையில் எளிய உணவுக்கு அனுமதி தருவார்கள். உங்கள் மருத்துவமனை எதைச் சொல்கிறதோ அதையே பின்பற்றுங்கள். டம்ளரின் மறுபக்கம் தெரியும் அளவுக்குத் தெளிவாக இருப்பதைத்தான் தெளிந்த திரவம் என்கிறார்கள்: தண்ணீர், வடிகட்டிய சூப், சக்கையில்லாத ஆப்பிள் சாறு, பால் சேர்க்காத தேநீர். பால் கூடாது. சிவப்பு, ஊதா நிறப் பானங்களும் கூடாது, ஏனெனில் குடலில் அவை ரத்தம் போலத் தோற்றம் தரும்.

மருந்துக் கரைசலைப் பற்றி உங்களுக்கு இருக்கும் கலக்கம் நியாயமானது. அளவைவிட அதன் சுவைதான் தொல்லை, உப்பும் இனிப்பும் கலந்த ஒரு வழவழப்பு. கலக்கியதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். நன்றாகக் குளிர்ந்தால் பாதி சுவை மங்கிவிடும். ஸ்ட்ரா வைத்து, அதன் நுனியை நாக்கின் பின்பகுதியில் இருத்தி உறிஞ்சினால் சுவை தெரியும் பரப்பு குறைகிறது. ஒரு டம்ளர், அதாவது 200 முதல் 250 மில்லி, 10 முதல் 15 நிமிடங்களுக்கு ஒருமுறை என்ற கணக்கில் குடியுங்கள். ஒவ்வொரு டம்ளருக்குப் பிறகும் எலுமிச்சைத் துண்டு ஒன்றை நாக்கில் தடவிக்கொள்வது எனக்கு உதவுகிறது. குமட்டல் அதிகமானால் அரைமணி நேரம் நிறுத்தி, அறைக்குள் மெதுவாக நடந்துவிட்டுத் தொடரலாம். வயிறு நிறைந்து உப்புவது போல இருந்தால் பயப்பட வேண்டாம், முதல் போக்கு தொடங்கியதும் அது தளர்ந்துவிடும். சிலருக்கு அரைமணி நேரத்தில் தொடங்கும், சிலருக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், பலரும் சொல்லத் தயங்குவது அது. பலமுறை போகும்போது ஆசனவாயைச் சுற்றியுள்ள தோல் எரியத் தொடங்கும். முதல் டம்ளரைக் குடிப்பதற்கு முன்பே அங்கே வாஸ்லினைக் கெட்டியாகத் தடவிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் தண்ணீரால் கழுவி, மெல்லிய துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, மீண்டும் தடவுங்கள். முதல் எரிச்சல் வந்த பிறகு தடவுவதில் பெரிய பயன் இல்லை.

செவிலி கயல் எழுதியது:

எண்டோஸ்கோபிப் பிரிவில் செவிலியராகப் பணிபுரிகிறேன். கரைவழி ஐயா சொன்னவை அனைத்தும் சரி. நான் மருந்துகளைப் பற்றியும், இரண்டாம் பங்கைப் பற்றியும் எழுதுகிறேன்.

இரும்புச்சத்து மாத்திரையைப் பொதுவாகப் பரிசோதனைக்கு 5 முதல் 7 நாட்கள் முன்பே நிறுத்தச் சொல்வோம். அது மலத்தைக் கறுப்பாகவும் பிசுபிசுப்பாகவும் ஆக்கிக் குடல் சுவரில் ஒட்டச் செய்யும், பேதி மருந்தாலும் எளிதில் கழுவ முடியாது. உங்களுக்கு வியாழக்கிழமை என்பதால், நாளையே மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டுவிடுங்கள். ரத்த அழுத்த மாத்திரையை அன்று காலை ஒரு மிடறு தண்ணீரோடு எடுத்துக்கொள்ளச் சொல்வதே வழக்கம், ஆனால் அது சிறுநீரை அதிகமாக்கும் வகையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனெனில் பேதியால் ஏற்கெனவே நீர் வற்றியிருக்கும். உணவு சாப்பிடாத நேரத்தில் மெட்ஃபார்மினை எப்படிக் கையாள்வது என்பதை உங்கள் மருத்துவர் எழுதித் தர வேண்டும். இன்சுலின் போடுபவர்களுக்கு அளவைக் குறைத்தாக வேண்டியிருக்கும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் குறைந்தது 3 நாட்கள் முன்பே நிறுத்த வேண்டும் என்பதும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் தாமாக நிறுத்தவும் கூடாது, கேட்காமல் தொடரவும் கூடாது என்பதும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக. நீரிழிவு உள்ளவர்கள் முந்தைய நாள் முழுக்க வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருக்காமல், இடையிடையே சர்க்கரை கலந்த தெளிந்த பானமும் எடுத்து, வீட்டிலேயே அளவைப் பார்த்துக்கொள்வது பாதுகாப்பானது.

இப்போது இரண்டாம் பங்கு. இதைச் சற்று அழுத்தமாகவே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். முதல் நாள் இரவே மலம் தண்ணீராகப் போய்விட்டது, இனி எதற்கு அதிகாலையில் எழுந்து மீண்டும் குடிப்பது என்று நினைத்து விட்டுவிடுபவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். இரவு முழுவதும் சிறுகுடலிலிருந்து பித்தநீரும் சளியும் இறங்கிக்கொண்டே இருக்கும். அவை பெருங்குடலின் வலப்பக்கத்தில், சரியாக மருத்துவர் மிகவும் கவனமாகப் பார்க்க வேண்டிய இடத்தில், ஒரு படலமாகப் படிந்துவிடும். தட்டையான பாலிப்கள், அதாவது குடலின் உட்சுவரில் வளரும் சிறு சதை வளர்ச்சிகள், ஒளிந்திருப்பதும் அந்தப் பகுதியில்தான். அந்தப் படலத்தோடு பாலிப்பைத் தேடுவது கலங்கிய குளத்தில் காசைத் தேடுவது போன்றது. உங்களுக்கு 10 மணி என்றால் 5 மணிக்குத் தொடங்கி 7 மணிக்குள், மிஞ்சிப்போனால் 7.30க்குள் முடித்துவிடுங்கள். பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு மணி நேரத்துக்கு முன் தண்ணீர் உட்பட எல்லாம் நின்றுவிட வேண்டும், இல்லையென்றால் மயக்கத்தின்போது வாந்தி நுரையீரலுக்குள் போகும் அபாயம் உண்டு. உங்கள் மருத்துவமனை இதைவிடக் கூடுதலான இடைவெளி கேட்டால் அதுவே விதி.

சிறுநீர் போல மஞ்சளாகவும் தெளிவாகவும் போனால் தயாராகிவிட்டீர்கள் என்று பொருள். இரண்டு பங்கையும் குடித்த பிறகும் பழுப்பாகவோ, அடர்த்தியாகக் கலங்கியோ போனால் மறைக்காமல் வந்தவுடன் சொல்லிவிடுங்கள். நாங்கள் யாரையும் கடிந்துகொள்வதில்லை; எனிமா கொடுத்தோ, நேரத்தைத் தள்ளிவைத்தோ சரிசெய்ய வழி உண்டு. வழக்கமாகவே மலச்சிக்கல் உள்ளவர் என்றால் அதை இப்போதே தெரிவியுங்கள், உங்களுக்கு வேறு அளவு தேவைப்படலாம்.

கூச்சத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அது இயல்பானது, அதற்கு வயது கிடையாது. இடப்பக்கமாகச் சாய்ந்து முழங்காலை மடக்கிப் படுத்திருப்பீர்கள், இடுப்புக்கு மேலும் கீழும் போர்த்தியிருப்போம், கருவி நுழையும் அளவுக்கு மட்டுமே துணி விலகியிருக்கும். பெண் செவிலியர் உடனிருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. முன்கூட்டியே சொன்னால் ஏற்பாடு செய்வது எளிது.

நீலவேணி எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை மருத்துவமனைக்குப் பேசினேன். இரும்புச்சத்து மாத்திரையை இன்றே நிறுத்தச் சொன்னார்கள், மெட்ஃபார்மினுக்கு எழுத்தில் குறிப்பு அனுப்பினார்கள். தொண்டைக் குழாயைப் பற்றிய பயம் மட்டும் அப்படியே இருக்கிறது. மயக்க மருந்து கொடுத்தாலும் பாதியில் விழித்துக்கொண்டால் என்ன ஆகும், மூச்சு அடைக்காதா? பரிசோதனை முடிந்ததும் நானே வாடகை வண்டி பிடித்து வீட்டுக்கு வந்துவிடலாமா?

தனிவழி எழுதியது:

வாய்வழி எண்டோஸ்கோபியை மயக்க மருந்தே இல்லாமல், தொண்டையில் மரத்துப்போகும் ஸ்பிரே மட்டும் அடித்துக்கொண்டு செய்தவன் என்பதால் இதற்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

மூச்சு அடைக்காது. குழாய் செல்வது உணவுக்குழாய்க்குள், மூச்சு செல்வது அதற்கு முன்னால் இருக்கும் வேறொரு வழியில். குழாயின் தடிமன் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான், நாம் விழுங்கும் ஒரு கவளம் அதைவிடப் பெரிது. கஷ்டமான கட்டம் என்பது குழாய் தொண்டையைக் கடக்கும் அந்தச் சில வினாடிகள் மட்டுமே. விழுங்குங்கள் என்று சொல்லும்போது விழுங்கினால் தாண்டிவிடும். அதன் பிறகு செய்ய வேண்டியவை இரண்டே. எச்சிலை விழுங்க முயலாமல் கன்னத்தின் வழியாக வழிய விட்டுவிடுவது, மூச்சை மூக்கின் வழியே இழுத்து மெதுவாக வெளியே விடுவது. குமட்டல் வரும்போது நாம் அறியாமலே மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம், அதுவே அடுத்த குமட்டலைக் கொண்டுவருகிறது. எனக்குக் கையைப் பிடித்துக்கொண்டிருந்த செவிலியர் "மூக்கு, மூக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தது பெரிய துணையாக இருந்தது. பத்து நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மயக்கம் வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. உங்களுக்கு இவ்வளவு குமட்டும் தன்மை இருக்கும்போது, இரண்டு பரிசோதனைகளும் ஒன்றாகச் செய்யும்போது, மயக்க மருந்தைத் தயங்காமல் கேட்டுப் பெறுங்கள். பொதுவாக வாய்வழிப் பரிசோதனையை முதலில் முடித்துவிட்டு, அதே மயக்கத்தில் கொலோனோஸ்கோபியைத் தொடர்வார்கள். தளர்வாக ஆடும் பல் இருந்தால் சொல்லிவிடுங்கள். கழற்றும் பல்செட் இருந்தால் கழற்றி வைக்க வேண்டும்.

செவிலி கயல் எழுதியது:

ஒன்றைச் சேர்க்கிறேன். மயக்கத்தில் இரண்டு வகை உண்டு. மிடசோலாம், ஃபென்டனில் கொடுத்துச் செய்யும் மிதமான மயக்கத்தில், நாங்கள் கூப்பிட்டால் உங்களுக்குக் கேட்கும் நிலையில் இருப்பீர்கள், ஆனால் நடந்தவற்றில் பெரும்பாலானவை நினைவில் இருக்காது. புரோபஃபால் கொடுத்தால் ஆழ்ந்து உறங்கிவிடுவீர்கள். இரண்டிலும் விரலில் ஆக்ஸிஜன் அளவு காட்டும் கருவியும், மூக்கில் ஆக்ஸிஜன் குழாயும் இருக்கும், ஒருவர் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். நடுவில் விழிப்பு வந்தால் கையை உயர்த்துங்கள், மருந்தைக் கூட்டலாம். கொலோனோஸ்கோபியில் வலி வருவது பெரும்பாலும் காற்று நிரம்பிக் குடல் விரியும்போதும், வளைவுகளில் குழாய் திரும்பும்போதும்தான். திசு எடுப்பது வலிக்காது, ஏனெனில் குடலின் உட்சவ்வில் வெட்டுவதை உணரும் நரம்புகள் இல்லை. சாதாரணக் காற்றுக்குப் பதிலாகக் கரியமிலவாயு பயன்படுத்தும் இடமாக இருந்தால் பிறகு வரும் வயிற்று உப்புசம் விரைவில் தணியும்.

தனியாக வீடு திரும்புவது கூடாது. தெளிவாகப் பேசுகிறோம், நடக்கிறோம் என்று உங்களுக்கே தோன்றும், ஆனாலும் தீர்மானிக்கும் திறன் முழுமையாகத் திரும்பியிருக்காது. பொறுப்பான ஒருவர் உடன் வர வேண்டும். 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டுவது, பத்திரத்தில் கையெழுத்திடுவது எதுவும் வேண்டாம். மருத்துவர் முடிவைச் சொல்லும்போது அந்த ஒருவரும் அருகில் இருக்கட்டும், ஏனெனில் நீங்கள் தலையாட்டுவீர்கள், மாலையில் ஒரு சொல்லும் நினைவிருக்காது.

பழையமரம் எழுதியது:

என் தந்தைக்கு 78 வயதில் இதே இரண்டு பரிசோதனைகளையும் செய்தபோது உடனிருந்தேன். வயதானவர்களை வைத்திருப்பவர்களுக்காக ஒரு சொல். பேதி மருந்துகள் எல்லாம் ஒரே வகை அல்ல. சிறுநீரகமோ இதயமோ பலவீனமாக உள்ளவர்களுக்கு உடலின் உப்புச் சமநிலையைப் பெரிதும் குலைக்காத பாலிஎத்திலீன் கிளைகால் வகையையே தருவார்கள்; பாஸ்பேட் கலந்தவை சிறுநீரகத்துக்கு ஆகாது. ஆகவே பழைய சீட்டில் இருக்கும் மருந்தை நாமாக வாங்கிக் கொடுத்துவிடக் கூடாது. அன்றிரவு கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு எரியட்டும், வழியில் கால்மிதி எதுவும் கிடக்க வேண்டாம், எழும்போது ஒருவர் விழித்திருக்க வேண்டும். நீர் வற்றி ரத்த அழுத்தம் குறைந்திருக்கும் அந்த இரவில் விழுவதுதான் முதியவர்களுக்கு உண்மையான ஆபத்து. ரத்த சோகையால் ஏற்கெனவே தலை சுற்றுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள் அம்மா, உங்களுக்கும் இது பொருந்தும்.

நீலவேணி எழுதியது:

பரிசோதனை நல்லபடியாக முடிந்தது. என் தங்கை உடன் வந்தாள். தொண்டையில் ஸ்பிரே அடித்ததும், வாயில் ஒரு வளையத்தைக் கடிக்கக் கொடுத்ததும் நினைவிருக்கிறது, அதன் பிறகு மீட்பு அறையில்தான் கண் விழித்தேன். இரைப்பையில் லேசான அழற்சி, அங்கிருந்தும் முன்சிறுகுடலிலிருந்தும் திசு எடுத்திருக்கிறார்கள். பெருங்குடலின் வலப்பக்கத்தில் 8 மில்லிமீட்டர் அளவில் ஒரு பாலிப் இருந்து, அதை அப்போதே நீக்கிவிட்டார்கள். அறிக்கையில் "பாஸ்டன் மதிப்பெண் 8" என்றும், "சீக்கம் வரை சென்றது" என்றும் எழுதியிருக்கிறது. ஆய்வக முடிவு வரும் வரை மனம் ஓயவில்லை. மூன்று நாட்களுக்குப் பிறகு இரும்புச்சத்து மாத்திரையைத் தொடரச் சொல்லியிருக்கிறார்கள். மலம் கறுத்தால் அது மாத்திரையாலா, பாலிப் எடுத்த இடத்தில் ரத்தம் கசிவதாலா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

செவிலி கயல் எழுதியது:

பாஸ்டன் மதிப்பெண் என்பது பெருங்குடலை மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் சுத்தத்துக்கும் 0 முதல் 3 வரை இடுவது, மொத்தம் 9. நீங்கள் பெற்ற 8 மிக நல்ல தயாரிப்பு. சீக்கம் பெருங்குடலின் தொடக்க முனை. அதுவரை சென்றது என்றால் பெருங்குடல் முழுவதையும் பார்த்துவிட்டார்கள். வலப்பக்கத்து 8 மில்லிமீட்டர் பாலிப் கண்ணில் பட்டதற்கு, நீங்கள் அதிகாலை 5 மணிக்கு எழுந்து குடித்த அந்த இரண்டாம் பங்கும் ஒரு காரணம்.

பாலிப் என்றாலே புற்று என்று எண்ண வேண்டாம். பெரும்பாலானவை அப்படி மாறுவதே இல்லை, மாறக்கூடியவைகூடப் பொதுவாகப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும், அதற்கு முன்பே எடுத்துவிடுவதற்காகத்தான் இந்தப் பரிசோதனை. அது எந்த வகை என்பதையும், அடுத்த பரிசோதனை எப்போது என்பதையும் ஆய்வக முடிவு சொல்லும். முன்சிறுகுடல் திசு, கோதுமைப் புரதம் ஒவ்வாமல் இரும்புச்சத்து உறிஞ்சப்படாமல் போகிறதா என்று அறிய. இரைப்பைத் திசு, ஹெலிகோபாக்டர் கிருமி இருக்கிறதா என்று அறிய. கடந்த இரண்டு வாரங்களில் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை எடுத்திருந்தால் கிருமி இருந்தும் இல்லையென முடிவு வரக்கூடும், ஆகவே எடுத்திருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

இரும்பு மாத்திரையால் கறுக்கும் மலம் கரும்பச்சை கலந்து, வழக்கமான கெட்டித்தன்மையோடு இருக்கும். மேல்குடலில் ரத்தம் கசிந்தால் தார் போலப் பளபளத்து, ஒட்டிக்கொண்டு, இதுவரை அறியாத கடுமையான நாற்றத்தோடு போகும். பாலிப் எடுத்த இடத்தில் கசிந்தால் பெரும்பாலும் சிவப்பாகவோ, அரக்கு நிறமாகவோ தெரியும். முதல் ஓரிரு நாட்களில் துடைக்கும்போது சிறிது ரத்தம் தெரிவது இயல்பு. ஆனால் இந்த இரண்டு வாரங்களுக்குள் கட்டியாகவோ, அதிகமாகவோ ரத்தம் போனாலும், வயிறு கல்லாக இறுகிக் கடுமையாக வலித்தாலும், காய்ச்சல், நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், மயக்கம் எது வந்தாலும் இங்கே எழுதிப் பதிலுக்காகக் காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். போகும்போது அறிக்கையையும், எடுத்துவரும் மாத்திரைகளின் அட்டைகளையும் தங்கையின் கையில் கொடுத்து அனுப்புங்கள்.